மைதானத்தில் மண்டியிட்டால் ஊர் மாறுமா?

2022 உலகக் கோப்பைக் கால்பந்து நேரத்தில் கோழிக்கோடு பக்கம் புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி கட்டவுட் வைத்தார்கள். நெய்மர் ரசிகர்கள் அதைவிட உயரமாக இன்னொன்று வைத்தார்கள். ரொனால்டோ ஆட்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் வைத்தார்கள். அந்தப் படம் ஃபிஃபா வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கள் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை என்று தமிழ் பேசுகிற ஊர்களிலும் அந்த மாதம் கவுன்சிலர் ஃப்ளெக்ஸை விட அர்ஜென்டினா ஃப்ளெக்ஸ்தான் அதிகம். பெத்தவர்கள் சொன்னால் காதில் வாங்காத பையன் ஆட்டக்காரர் மாதிரி முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

இவ்வளவு செல்வாக்கு உள்ளவர்கள் நிறவெறி, பெண்கள் மீதான சீண்டல், போலீஸ் அத்துமீறல் மாதிரி ஒரு விஷயத்துக்காக எழுந்து நின்றால் சமூகம் மாறுமா? கொஞ்சம் மாறும், ஆனால் நாம் நினைக்கிற வழியில் இல்லை. புகழ் ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் காரியம் நடந்த இடங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே 'ஆட்டம் நின்றுவிடும்' என்ற பயம் யாரோ ஒருவருக்கு வந்திருக்கும்.

முதலில் எது போராட்டம், எது இல்லை என்று பிரித்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் பெங்களூரில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில், சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோலை ஏற்க மாட்டோம் என்று கேரளா பிளாஸ்டர்ஸ் அணி பாதியில் வெளியேறியது. 4 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. கோபம் நியாயமோ இல்லையோ, அது நடுவரோடு நடந்த சண்டை. நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை.

பேட்மிண்டன் வீரர் புல்லேலா கோபிசந்த் கதை வேறு. ஆந்திராவில் பிறந்தவர். 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றபின் வந்த கோலா விளம்பரத்தை, உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லி மறுத்துவிட்டார். நல்ல மனசு, பணத்தையும் இழந்தார். ஆனாலும் அது ஒருவர் தன் வரைக்கும் எடுத்த முடிவு. போராட்டம் என்றால் யாரிடமாவது எதையாவது கேட்க வேண்டும், கேட்டதற்கு விலை கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1968 மெக்சிகோ ஒலிம்பிக் புகைப்படம். அக்டோபர் 16-ம் தேதி, 200 மீட்டர் ஓட்டம். அமெரிக்கக் கறுப்பினத்தவரான டாமி ஸ்மித் 19.83 விநாடியில் உலக சாதனையோடு முதலில் வந்தார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் இரண்டாவது, இன்னொரு கறுப்பின அமெரிக்கர் ஜான் கார்லோஸ் மூன்றாவது. கறுப்பர்களின் வறுமையைக் காட்ட இரண்டு அமெரிக்கர்களும் ஷூ இல்லாமல் கறுப்பு சாக்ஸோடு மேடைக்கு வந்தார்கள். கையுறை மட்டும் ஒரே ஜோடிதான் இருந்தது, கார்லோஸ் தன்னுடையதை மறந்துவிட்டார். ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னது வெள்ளைக்காரரான நார்மன். அதனால்தான் படத்தில் ஸ்மித் வலது கையையும் கார்லோஸ் இடது கையையும் உயர்த்தியிருக்கிறார்கள். நார்மன் கை தூக்கவில்லை. ஆனால் அவர் சட்டையிலும் மனித உரிமைக்கான அதே பேட்ஜ் இருக்கும். மேடைக்குப் போகும் முன் ஒரு அமெரிக்கப் படகுப் போட்டி வீரரிடம் வாங்கிக் குத்திக்கொண்டது.

ஸ்மித், கார்லோஸ் இருவரையும் அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும், அது உண்மை இல்லை. நார்மன் அடுத்த 1972 ஒலிம்பிக்குக்கு அனுப்பப்படவில்லை. அது பழிவாங்கலா என்று ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் வாதம் ஓடுகிறது. 2012-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது, ஆனால் மனிதர் 2006-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் உண்டு.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு அமைப்பு இருந்தது. ஹாரி எட்வர்ட்ஸ் என்ற இளம் சமூகவியல் ஆசிரியர் கறுப்பின வீரர்களைச் சேர்த்து முந்தைய ஆண்டே அதைத் தொடங்கியிருந்தார். கறுப்புப் பயிற்சியாளர்கள் வேண்டும், குத்துச்சண்டை வீரர் முகமது அலியிடம் பறித்த பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நிறவெறி அரசு நடக்கும் தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கில் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் கோரிக்கை வைத்தார்கள். இல்லாவிட்டால் வர மாட்டோம் என்றார்கள். அதே சமயம் ஆப்பிரிக்க நாடுகளும் வர மாட்டோம் என்றன. பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்த ஒலிம்பிக் கமிட்டி ஏப்ரலில் பின்வாங்கியது. கை தூக்கியது அக்டோபரில். ஆக அந்த ஆண்டு உண்மையில் கிடைத்த வெற்றி, படம் எடுக்கப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே கிடைத்துவிட்டது. நாம் படத்தை வைத்துக்கொண்டு, அந்த மிரட்டலை மறந்துவிட்டோம்.

அந்தத் தென்னாப்பிரிக்கக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1974-ல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு வந்தது. சென்னைப் பையன்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் உச்சத்தில் இருந்த நேரம். எதிரணி தென்னாப்பிரிக்கா. ஆட வேண்டாம் என்று இந்திய அரசு முடிவெடுத்தது, கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இது வீரர்கள் எடுத்த முடிவு இல்லை, நஷ்டம் மட்டும் அவர்களுடையது. புறக்கணிப்பு முடிந்து 1991 நவம்பரில்தான் தென்னாப்பிரிக்க அணி கொல்கத்தா வந்து கிரிக்கெட் ஆடியது. விளையாட்டுப் புறக்கணிப்புதான் நிறவெறி ஆட்சியை வீழ்த்தியது என்றால் அது மிகை. உள்ளூரில் நடந்த போராட்டமும், சிறையும், பொருளாதாரத் தடையும்தான் பெரிய பாரத்தைச் சுமந்தன. ஆனால் ரக்பிக்கும் கிரிக்கெட்டுக்கும் உயிரை விடுகிற வெள்ளையர்களுக்கு, உலகம் நம்மை ஒதுக்கிவிட்டது என்பதை வீட்டுக்குள்ளே கொண்டுபோய்க் காட்டியது விளையாட்டுதான்.

அமெரிக்காவில் பிற்பாடு நடந்த இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

காலின் கேப்பர்நிக் அமெரிக்கக் கால்பந்தில் அணியின் ஆட்டத்தை நடத்துகிற இடத்தில் ஆடியவர். 2016-ல், கறுப்பர்களைப் போலீஸ் கொல்வதைக் கண்டித்து, தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்காமல் உட்கார்ந்தார். முன்னாள் ராணுவ வீரர் ஒருவரோடு பேசியபின் மண்டியிட ஆரம்பித்தார். உட்காருவதை விட அதில் மரியாதை இருக்கிறது என்று அந்த ராணுவக்காரர் சொன்னதால் வந்த மாற்றம் அது. ஆனால் எதிர்த்தவர்கள் அதையே ராணுவத்துக்கு அவமரியாதை என்றார்கள். 2017-ல் அவர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தபின் ஒரு அணியும் வேலை கொடுக்கவில்லை. அணி உரிமையாளர்கள் கூடிப் பேசி என்னை ஒதுக்கினார்கள் என்று புகார் செய்தார், 2019-ல் சமரசமாக முடிந்தது. திரும்ப ஆட முடியவே இல்லை. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு நாடே தெருவுக்கு வந்தபிறகுதான் லீக் தலைவர், வீரர்கள் பேச்சை முன்பே கேட்காதது தவறு என்றார். அந்தப் பேச்சிலும் கேப்பர்நிக் பெயர் வரவில்லை.

அதே 2020 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பரைப் போலீஸ் சுட்டது. அந்த மாநிலத்துக் கூடைப்பந்து அணியான மில்வாக்கி பக்ஸ், 26-ம் தேதி பிளேஆஃப் ஆட்டத்துக்கு உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒருவர் இல்லை, மொத்த அணியும். உள்ளே இருந்தபடியே மாநில அட்டர்னி ஜெனரலோடு போனில் பேசினார்கள். அன்றைக்கு நடக்க வேண்டிய மூன்று ஆட்டங்களும் நின்றன. டிவி நேரம் வீண், விளம்பரம் வீண். சில நாளில் உரிமையாளர்கள் உட்கார்ந்து பேசினார்கள். தங்கள் கையில் இருக்கும் அரங்குகளை நவம்பர் தேர்தலுக்கு வாக்குச்சாவடியாகத் தருவது என்று ஒப்புக்கொண்டார்கள்.

கேப்பர்நிக் தனிமரம். பக்ஸ் பின்னால் வீரர்கள் சங்கம் இருந்தது, நிறுத்தினால் பணம் நிற்கிற ஆட்டம் இருந்தது. கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிடைத்தது வாக்குச்சாவடி, கேட்டது போலீஸ் சீர்திருத்தம். ஃபிளாய்ட் பெயரில் வந்த மசோதா 2021-ல் கீழ்ச் சபையில் நிறைவேறி, செனட்டில் அப்படியே கிடந்துபோனது. உரிமையாளரின் சாவிக்கொத்தில் இருந்தது கிடைத்தது, இல்லாதது கிடைக்கவில்லை. ஒரு ஆட்டக்காரர் நேரடியாக நெருக்க முடிவது தனக்குச் சம்பளம் தருகிறவரைத்தான். சட்டம் போடுகிறவர் அதற்கு அடுத்த தெருவில் இருக்கிறார்.

இந்தக் கணக்குக்கு நல்ல உதாரணம் ஸ்பெயின். 2023 ஆகஸ்ட் 20, பெண்கள் உலகக் கோப்பையை வென்ற மேடையிலேயே, கால்பந்து சம்மேளனத் தலைவர் லூயிஸ் ரூபியாலஸ் வீராங்கனை ஹென்னி எர்மோசோவின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். உலகமே நேரலையில் பார்த்தது. ராஜினாமா செய்ய மாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததும், 81 வீராங்கனைகள் அவர் இருக்கும்வரை தேசிய அணிக்கு ஆட மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். செப்டம்பர் 10-ல் அவர் பதவியை விட்டார். 2025-ல் நீதிமன்றம் பாலியல் தாக்குதல் குற்றத்துக்காக அவருக்கு அபராதம் விதித்தது. மூன்று வாரத்தில் ஒரு பெரிய தலை உருண்டது என்றால், கேட்டது ஒன்றே ஒன்று, கேட்டவர்கள் எல்லோரும் ஒன்று, அவர்கள் இல்லாமல் அணியே இல்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கேதான் கதை சிக்கலாகிறது.

2023 ஜனவரி 18-ம் தேதி மல்யுத்த வீரர்களான வினேஷ் போகாட், சாக்ஷி மலிக், பஜ்ரங் புனியா டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்த சம்மேளனத் தலைவரும் பாஜக எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொல்லைப் புகார். அவர் மறுத்தார். விசாரணைக் குழு போட்டார்கள், அதில் நம்பிக்கை போய் ஏப்ரலில் மறுபடி உட்கார்ந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் டெல்லி போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டது. மே 28, புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு நாளில் பேரணி போனவர்களை இழுத்துப்போய் வேனில் ஏற்றிய படத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மே 30-ம் தேதி பதக்கங்களைக் கங்கையில் போட ஹரித்வார் போனார்கள், விவசாயிகள் சங்கத் தலைவர்கள் வந்து தடுத்தார்கள். டிசம்பரில் நடந்த சம்மேளனத் தேர்தலில் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமான சஞ்சய் சிங் ஜெயித்தார். அன்றைக்கே சாக்ஷி மலிக் தன் மல்யுத்த ஷூவைக் கழற்றிப் பத்திரிகையாளர் மேசை மேல் வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார்.

நம் கேரளத்துக்காரர்களுக்கு இதில் தனி வருத்தம் ஒன்று உண்டு. இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக இருந்தது நம் பய்யோளி எக்ஸ்பிரஸ் பி.டி. உஷா. வீதியில் உட்காருவது நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்கிற மாதிரி அவர் பேசியது பலரைக் காயப்படுத்தியது. கொஞ்ச நாள் கழித்து ஜந்தர் மந்தர் போய் வீராங்கனைகளைப் பார்த்தார். முன்னாள் வீரர் தலைவரானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களில் நானும் உண்டு. நாற்காலிக்கென்று ஒரு குணம் இருக்கிறது போல.

இவ்வளவு பெரிய வீரர்கள், இவ்வளவு புகழ், ஏன் ஸ்பெயின் மாதிரி மூன்று வாரத்தில் முடியவில்லை? மல்யுத்தம் தனியாள் விளையாட்டு. வினேஷ் வரவில்லை என்றால் அந்த எடைப் பிரிவில் இன்னொருவர் போவார், எந்த டிவிக்கும் நஷ்டம் இல்லை. ஒரு விளையாட்டுக்கு ஒரே சம்மேளனம், முகாமுக்கு ஆள் எடுப்பதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அவர்கள் கையில். அமெரிக்க வீரர் ஒரு அணி வேண்டாம் என்றால் கோட்பாட்டளவிலாவது வேறு அணிக்குப் போகலாம், இங்கே போக வேறு கதவே கிடையாது. அப்புறம் வேலை. அப்போது அந்த மூவரும் ரயில்வே ஊழியர்கள். போராட்டத்துக்கு நடுவே ஜூனில் வேலைக்குத் திரும்பியபோது, போராட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று செய்தி பரவி, அவர்களே மறுக்க வேண்டி வந்தது.

இந்த வேலை விஷயம் பாலக்காட்டில் இருப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பறளி, முண்டூர் பள்ளிகளில் விடியற்காலையில் ஓடுகிற பிள்ளைகளைப் பாருங்கள். ஒலிம்பிக் கனவு ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டில் எதிர்பார்ப்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ போலீஸோ. "முதல்ல ஒரு வேலையில உக்காரு கண்ணு, அப்புறம் என்ன வேணா பேசு" என்று சொல்லாத அம்மா எங்கள் பக்கம் இல்லை. வேலையில் உட்கார்ந்தபின் வாய் மூடிக்கொள்ளும் என்பது அம்மாவுக்கும் தெரியும். வீரர்கள் ஏன் பேசுவதில்லை என்று கோழைப் பட்டம் கட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்கலாம். இந்தச் சாக்கு கோடிகளில் சம்பாதிக்கிற கிரிக்கெட்டுக்காரர்களுக்குப் பொருந்தாது. ஆட்டத்தை நிறுத்தினால் உண்மையிலேயே நாடு நிற்கும் என்கிற பலம் இந்தியாவில் அவர்களுக்குத்தான் இருக்கிறது. மல்யுத்த வீரர்களுக்காக 1983 உலகக் கோப்பை அணியினர் அறிக்கை விட்டார்கள், அவர்கள் ஓய்வு பெற்றவர்கள். ஆடிக்கொண்டிருந்த நட்சத்திரங்களில் பெரும்பாலோர் மௌனம்.

இன்னும் கீழே ஒரு படி இருக்கிறது. அணிக்கு ஏழு பேர் ஆடுகிற நம் செவன்ஸ் கால்பந்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆடுகிறவர்கள். ஒரு சீசனுக்கு ஒப்பந்தம், ஊர் ஊராக ஆட்டம், கேட்க நாதி கிடையாது. 2024 மார்ச்சில் மலப்புறம் அரிக்கோடு பக்கம் ஒரு ஆட்டத்தில், கூட்டத்தினர் தன் நிறத்தைச் சொல்லித் திட்டி விரட்டி அடித்ததாக ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த ஆட்டக்காரர் போலீஸில் புகார் கொடுத்தார். அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. ஆற்றில் பிரேசில்காரருக்குக் கட்டவுட் வைக்கிற அதே நாட்டில்தான். அவர் கூட ஆடியவர்கள் எல்லோரும் சேர்ந்து அடுத்த ஆட்டம் ஆட மாட்டோம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்கிற வாதத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஒலிம்பிக் சாசனத்தின் 50-வது விதி போட்டி நடக்கும் இடங்களில் அரசியல், மத, இனப் பிரசாரத்தைத் தடுக்கிறது. 2021-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆட்டம் தொடங்கும் முன் மண்டியிடலாம், பதக்க மேடையில் கூடாது. கொடியும் தேசிய கீதமும் தலைவர்களின் கைகுலுக்கலும் இருக்கிற மேடையில் அரசியல் ஏற்கனவே இருக்கிறது. யாருடைய அரசியல் என்பதுதான் சண்டை.

சரி, வீரர்கள் இல்லாமலே மாற்றம் வருமா? வரும், எங்கள் தாலுகாவிலேயே வந்திருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை கோக்கோ கோலா ஆலையால் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றது இரவாளர் சமூகத்து மயிலம்மா. அந்தக் காலத்தில் கோலாவும் கிரிக்கெட்டும் விளம்பரத்தில் ஒட்டிப் பிறந்த குழந்தைகள் மாதிரி, நட்சத்திரங்கள் எல்லாம் பாட்டிலின் பக்கம். பந்தலில் ஒரு பிரபலமான ஆட்டக்காரரும் இல்லை. பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நாள் தவறாமல் வந்து உட்கார ஆட்களும், உரிமம் என்கிற சாவியைக் கையில் வைத்திருந்த ஒரு பஞ்சாயத்தும் இருந்தார்கள். கோபிசந்த் அங்கே வந்திருந்தால் செய்தி டெல்லிக்குச் சீக்கிரம் போயிருக்கும், அதற்காக ஆலை சீக்கிரம் மூடியிருக்குமா என்பது சந்தேகம்.

மல்யுத்த வழக்கு இன்று எந்த இடத்தில் இருக்கிறது? 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் பிரிஜ் பூஷண் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. சிறுமி ஒருவர் தரப்பில் வந்த போக்சோ வழக்கு மட்டும் 2025-ல் முடித்துவைக்கப்பட்டது. 2024 தேர்தலில் அவருக்கு சீட் இல்லை, அவர் மகனுக்குக் கொடுத்தார்கள், மகன் ஜெயித்தார். வினேஷ் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் எடை கூடியதால் இறுதியாட்டத்தில் ஆட முடியாமல் போய், அதே ஆண்டு ஹரியானாவில் எம்.எல்.ஏ. ஆனார். 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. சம்மேளன நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும், வீரர்களின் பாதுகாப்புக்குத் தனிக் கொள்கை வேண்டும், தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் என்று அதில் இருக்கிறது. இந்தச் சட்டப் பேச்சு ஜந்தர் மந்தருக்குப் பல ஆண்டு முன்பே ஓடிக்கொண்டிருந்தது, அதனால் முழுப் பெயரையும் மல்யுத்த வீரர்களுக்கே எழுத முடியாது. அவர்கள் சாலையில் உட்காராமல் இருந்திருந்தால் பாதுகாப்புக் கொள்கை என்கிற பகுதி இவ்வளவு கவனம் பெற்றிருக்காது என்பது என் எண்ணம். பறளியில் ஓடுகிற ஒரு பெண், தன் பயிற்சியாளர் மேல் புகார் கொடுக்க வேண்டி வந்தால், சட்டப்படி அவளுக்கு ஒரு கதவு வந்திருக்கிறது. தட்டிய பிறகும் ஸ்போர்ட்ஸ் கோட்டா பட்டியலில் அவள் பெயர் இருக்குமா என்பது இனிமேல்தான் தெரியவரும்.